காளை அணைத்த சூடம்

என் வீட்டுக்காரர் காளையிடம் ஒரு கேள்வி கேட்டால் ஒரு பதில் வராது. இரண்டு வரும். கொஞ்சம் பொறுத்தால் மூன்றாவதும் வரும். மழை வருமா என்று கேட்டால், வருகிற மாதிரித்தான் இருக்கிறது, காற்று திரும்பிவிட்டால் வராது, எதற்கும் விறகை உள்ளே எடுத்துப் போடு என்பார். எடுத்துப் போட்ட பிறகு, அவசரப்பட்டுவிட்டோமோ என்பார். இந்த மனுசனோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியதற்கு இந்தப் பாண்டிக்குக் கோயில் கட்ட வேண்டாம், ஒரு மாலையாவது வாங்கிப் போடலாம்.

கல்யாணப் பந்தலிலேயே இது ஆரம்பித்துவிட்டது. அவர் என் அத்தை மகன். எங்கள் பக்கம் மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட்டதும் மற்ற இரண்டையும் நாத்தனார் போடுவாள். எல்லாம் முடிந்து, இலை போட்டு, சனம் பாதி சாப்பிட்டு எழுந்துவிட்டது. அப்போது போய்த் தன் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, நான் முடிச்சுப் போட்டேனா, வெறுமனே கையை எடுத்துவிட்டேனா என்று கேட்டிருக்கிறார். அவள் விழுந்து விழுந்து சிரித்து ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அவருக்கு ரெட்டைமனசுக் காளை என்று பெயர். அவர் அதற்கும் கோபப்பட்டதில்லை. ஒருவேளை சரியாகத்தான் சொல்கிறார்களோ என்பார்.

உசிலம்பட்டிக்கு மேற்கே எங்களுக்கு இருந்தது வானம் பார்த்த பூமி. இரண்டு வருஷம் வானம் எங்களைப் பார்க்காமல் போனதும் பிழைக்க வழி தேடி விளாங்குடிக்கு வந்து சேர்ந்தோம். அங்கே திண்டுக்கல் ரோட்டை விட்டு உள்ளே போனால் ஒரு பாறைக் கரடு, அதன் அடியில் அழகுமலை முதலாளியின் கல் கிரஷர். என் வீட்டுக்காரர் முதலில் கல் தூக்கினார். பிறகு ஸ்பேனர் பிடித்தார். எப்படியோ நாளாவட்டத்தில் பெல்ட்டுக்கு ஃபிட்டர் ஆகிவிட்டார். நான் பெல்ட்டு ஓரத்தில் நின்று ஜல்லியோடு வரும் மண்ணாங்கட்டியையும் வேரையும் பொறுக்குகிற வேலையில் சேர்ந்தேன்.

அந்தப் பெல்ட்டைப் பற்றிச் சொல்லாமல் இவரைப் பற்றிச் சொல்ல முடியாது. நசுக்கின ஜல்லியைப் பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏற்றிக் கொட்டுகிற நீளமான ரப்பர் பெல்ட்டு அது. மேலே ஒரு உருளை, கீழே ஒரு உருளை. நாங்கள் அவற்றைத் தலை டிரம், வால் டிரம் என்போம். தலை டிரம்மை மோட்டார் சுற்றும். வால் டிரம் சும்மா உருண்டு, இறங்கி வருகிற பெல்ட்டைத் திருப்பி மேலே அனுப்பும். வால் டிரம்மின் இரண்டு பக்கமும் நீள போல்ட்டு உண்டு. பெல்ட்டு தளர்ந்தால் இரண்டையும் ஒரே அளவு இறுக்க வேண்டும். ஒரு பக்கம் கூட இறுக்கிவிட்டால், பெல்ட்டு அந்தப் பக்கத்தை விட்டு மறுபக்கம் ஒதுங்கி ஓடும். ஒரு பக்கத்துக்கு ரோட்டுப் பக்கம் என்று பெயர், மறுபக்கத்துக்குக் கரட்டுப் பக்கம். எதிரெதிராக நின்று வேலை செய்கிறவர்களுக்கு இடது வலது சொன்னால் வம்பு என்று இவர்தான் அப்படி வைத்தார். அது ஒன்றுதான் அவர் சந்தேகமில்லாமல் செய்த காரியம்.

அந்த வால் டிரம் இவரே போய்ப் பார்த்து எடுத்து வந்தது. பழையது தேய்ந்து தகடு பிளந்துவிட்டது. மூடிப்போன ஒரு மில்லின் சாமான்கள் மதுரையில் ஒரு பழைய இரும்புக் கடைக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு முதலாளி இவரை அனுப்பினார். அங்கே சில டிரம்கள் கிடந்தன. நல்ல நிலையில் இருந்ததற்கு அகலம் குறைவு. பெல்ட்டு கொஞ்சம் விலகினாலும் ஓரம் வெளியே தொங்கும். அகலமானது ஒன்று இருந்தது, அதன் சுற்றளவு சிறியது. சின்ன டிரம்மில் பெல்ட்டு ரொம்ப வளைய வேண்டியிருக்கும், ஒட்டுப் போட்ட இடம் சீக்கிரம் விரியும். இவர் நூலை வைத்து அளந்து அளந்து பொழுதைக் கழித்திருக்கிறார். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, டிரம் பார்க்க வந்தாயா, பெண் பார்க்க வந்தாயா என்று கேட்டாராம். கடைசியில் அகலமும் சுற்றளவும் சரியாக இருந்த ஒன்றை எடுத்தார். ஆனால் அது ஒரே மட்டமாக இருந்தது.

டிரம்மின் நடு லேசாக மேடாக இருக்க வேண்டும். பெல்ட்டு எப்போதும் மேட்டைத் தேடி ஏறுகிற சாதி. நடு மேடாக இருந்தால் நடுவிலேயே நிற்கும். அதனால் டிரம்மை வண்டியில் ஏற்றி செல்லூரில் லேத்துப் பட்டறை வைத்திருந்த சோலையிடம் கொண்டுபோனார். தறிச் சத்தத்துக்கு நடுவே சோலை கத்திக் கேட்டாராம், ஓரத்தை எம்புட்டுக் கடையணும் என்று. குறைவாகக் கடைந்தால் பெல்ட்டு பிடி கொடுக்காமல் அலையும். கூடக் கடைந்தால் நடு மட்டும் இழுபட்டுப் பெல்ட்டு சீக்கிரம் சாகும். தீக்குச்சிக் கனம் என்று சொல்லிவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து தட்டில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். மறுநாள் விடிந்ததும் இன்னும் கொஞ்சம் கூடக் கடையச் சொல்லலாம் என்று பஸ் ஏறிப் போனார். அதற்குள் சோலை முடித்துவிட்டார்.

மாட்டும்போது நான் பக்கத்தில் இருந்தேன். தலை டிரம்மிலிருந்து வால் டிரம் வரை இரண்டு பக்கமும் நூல் இழுத்து, இரண்டும் ஒரே நீளமா என்று பார்த்தார். ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார், திருப்பி வைத்துப் பார்த்தார், ரசமட்டமே பொய் சொல்கிறதோ என்று இன்னொரு ரசமட்டம் கடன் வாங்கிப் பார்த்தார். பெல்ட்டு நடு விலகாமல் ஓடியது. ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே ஓடியது. வேறொருவராக இருந்தால் மீசையை முறுக்கிக்கொண்டு திரிவார். இவர் சாயங்காலம் வந்து, இம்புட்டு நேராக ஓடுகிறதே, எங்கேயோ ஏதோ தப்பு இருக்கிறது என்று என்னிடம் புலம்புவார்.

இன்னொன்றும் கேட்பார். பெல்ட்டு மேடான பக்கம் ஏறுகிறது, ஆனால் இறுக்கின பக்கத்தை விட்டு ஓடுகிறது, ஒரே பெல்ட்டுக்கு ஏன் இரண்டு குணம் என்பார். எனக்கு என்ன தெரியும். கட்டிக்கொண்டவரைப் போல இருக்கிறது என்று சொல்லிவிட்டு உலையைப் பார்க்கப் போய்விடுவேன்.

வால் டிரம்மைச் சுத்தமாக வைத்திருப்பது மருதுவின் வேலை. ஜல்லித்தூள் ஈரப்பட்டால் மாவு மாதிரி டிரம்மில் அப்பிக்கொள்ளும். ஒரு பக்கம் மட்டும் அப்பினால் அந்தப் பக்கம் மேடாகிவிடும், பெல்ட்டு அந்தப் பக்கம் ஏறும். அதனால் காலையில் மோட்டார் போடுவதற்கு முன்னால் கொத்துக்கரண்டியால் சுரண்டிவிட வேண்டும், பேரிங்கில் கிரீஸ் வைக்க வேண்டும். மருதுவுக்கு இவரைவிட வயது குறைவு, ஒரு பெண் குழந்தை. அவன் அப்பன் பாட்டன் எல்லாம் பரவைப் பக்கம் அடுத்தவர் வயலில் காலம் தள்ளியவர்கள். மாசா மாசம் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அந்தக் குடும்பத்தில் அவன்தான். அவன் பெண்டாட்டி சோணையம்மாள் என்னோடு பெல்ட்டு ஓரத்தில் நிற்பாள். வாய் கொஞ்சம் நீளம். எனக்கும் நீளம், அதனால் ஒத்துப்போனது.

எண்பத்தொன்றில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு சாயங்காலம் பெல்ட்டு ஈரத்தில் வழுக்குகிறது, தளர்ந்திருக்கிறது என்று மோட்டாரை நிறுத்தினார்கள். இவர் வால் டிரம்முக்குப் போய் போல்ட்டுகளை இறுக்கினார். இறுக்கிக்கொண்டிருக்கும்போதே மழை கொட்டியது. எல்லோரும் ஓடி வந்துவிட்டோம். மறுநாள் காலையில் மோட்டார் போட்டார்கள். ஜல்லி நிரம்பி மேலே ஏறத் தொடங்கியதும் பெல்ட்டு கரட்டுப் பக்கமாகச் சரிந்தது. ஓரம் இரும்புச் சட்டத்தில் உரசிக் கிழிந்தது. நிறுத்து நிறுத்து என்று நாங்கள் கத்தினோம். நிறுத்துவதற்குள் ஒட்டுப் பிரிந்து, சரிவில் ஏறிக்கொண்டிருந்த பெல்ட்டு சுமையோடு பின்னால் உருவிக்கொண்டு வந்து வால் டிரம் பக்கம் குவிந்தது. அங்கே மண்வெட்டியோடு நின்றிருந்த மருதுவின் கால் பெல்ட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்டது.

இவர்தான் முதலில் ஓடினார். இரண்டு போல்ட்டையும் கண்மண் தெரியாமல் தளர்த்தி, டிரம்மை நெம்பி, அவனை வெளியே இழுத்தார். லாரியில் போட்டு மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சோணையம்மாள் ஆஸ்பத்திரி வாசலில் தலையில் அடித்துக்கொண்டு அழுதது இன்னும் எனக்குக் கேட்கிறது.

அதற்கப்புறம்தான் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதை ஆரம்பித்தது. எதனால் பெல்ட்டு விலகியது? முதலாளிக்குத் தெரிந்த ஒரு இன்ஜினியர் தம்பி வந்து பொறுமையாகத்தான் பார்த்தார். ரோட்டுப் பக்கம் போல்ட்டு கூட இறுகியிருந்தால் பெல்ட்டு கரட்டுப் பக்கம் போகும் என்றார். கரட்டுப் பக்கம் டிரம்மில் மண் அப்பியிருந்தாலும் அப்படித்தான் போகும் என்றார். நடு மேடு போதாமல் இருந்தால், லேசாக விலகினதுகூடத் திரும்பாமல் போயிருக்கும் என்றார். எது என்று கேட்டோம். போல்ட்டைத் தளர்த்தி ஆளை எடுத்துவிட்டார்கள், ஆளை எடுத்த அமளியில் டிரம்மில் இருந்த மண்ணும் உதிர்ந்துவிட்டது, இனிமேல் எப்படிச் சொல்வது என்றார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தடயத்தை அழித்ததே என் வீட்டுக்காரர் கைதான்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது. காளை போல்ட்டைக் கோணலாக இறுக்கிவிட்டு ஓடிவிட்டான் என்று பேச ஆரம்பித்தார்கள். ஒருநாள் மாலை சோணையம்மாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிரஷருக்கு வந்தாள். நேராக வாசலில் இருந்த எங்கள் சாமி கருப்பு முன்னால் போய் நின்றாள். அந்தக் கருப்பு நாங்கள் வேலை பார்ப்பவர்களே கூடி நட்ட கல். ஊர்க் கோயில் என்றால் யார் எங்கே நிற்பது என்று ஆயிரம் வழக்குப் பேசுவார்கள், இங்கே அது கிடையாது. லோடு ஏற்றுகிற பேயாண்டி அண்ணன்தான் பூசாரி. போல்ட்டை இறுக்கினவர் தன் கை சுத்தம் என்று சூடம் அணைத்துச் சொல்லட்டும், சொல்லிவிட்டால் நான் வாயைத் திறக்க மாட்டேன், என் தலையெழுத்து என்று போய்விடுவேன் என்றாள்.

சூடம் அணைப்பது எங்கள் பக்கம் விளையாட்டுக் காரியம் இல்லை. எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து ஒன்றைச் சொல்லிவிட்டால், போலீஸ் ஸ்டேசனில் தீராத வழக்கும் தீர்ந்துபோகும். பொய்யாக அணைத்தவன் வம்சம் தழைக்காது என்று எல்லோருக்கும் பயம். முதலாளியும் சரி என்றார். வெள்ளிக்கிழமை காளை அணைக்கட்டும், அணைத்துவிட்டால் அவன் வேலைக்கு ஒரு குறையும் இல்லை, அணைக்காவிட்டால் இனி பெல்ட்டுப் பக்கம் அவனை விட முடியாது என்றார்.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. இவர் நூல் பிடித்து, மட்டம் பார்த்து, ஒன்றுக்கு இரண்டு தடவை தடவிப் பார்க்கிற ஆள். இவர் போல்ட்டு கோணலாக இருக்குமா? வெள்ளிக்கிழமை போனோமா, அணைத்தோமா, வந்தோமா என்று வேலை முடிந்துவிடும் என்று நினைத்தேன். வீட்டில் பார்த்தால் இவர் மோட்டுவளையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். எனக்குச் சுருக்கென்றது. என்ன யோசனை என்று கேட்டேன்.

"ரோட்டுப் பக்கம் அரைச் சுத்து இறுக்குனேன் பாண்டி. அது நல்லாத் தெரியுது. மழை வந்துருச்சு. கரட்டுப் பக்கம் போயி இறுக்குனேனா, இறுக்கணும்னு நெனச்ச நெனப்போட ஓடியாந்துட்டேனா, அதேன் தெரியல."

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த அகப்பை பறந்து சுவரில் பட்டது. நினைவு இல்லையென்றால் இறுக்கினதாகவே வைத்துக்கொள்ள வேண்டியதுதானே. எத்தனை வருஷமாக இறுக்குகிற கை அது, ரோட்டுப் பக்கம் இறுக்கினால் கரட்டுப் பக்கத்துக்குத் தானாகப் போகாதா? மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம் என்று கேட்டேன். மடியில் கனம் இருக்கிறதா இல்லையா என்பதே தெரியவில்லையே என்றார். தலையில் அடித்துக்கொண்டேன்.

அந்த வாரம் முழுக்க அவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் கொல்லையில் ஒரு கட்டையில் இரண்டு ஆணி அடித்து, ஸ்பேனரைப் பிடித்து, மழை வருகிற மாதிரி நினைத்துக்கொண்டு, ஒரு பக்கம் திருகி மறுபக்கம் ஓடி, திரும்ப ஓடி வந்து பார்த்தார். அன்றைக்குச் செய்ததைக் கை ஞாபகம் வைத்திருக்கும் என்றார். ஒரு தடவை கை மறுபக்கம் போனது. இன்னொரு தடவை போகவில்லை. பக்கத்து வீட்டு மாயக்காள் வேலி வழியாகப் பார்த்துவிட்டு, உன் வீட்டுக்காரருக்கு என்னடி ஆச்சு என்று என்னைக் கேட்டாள். நான் என்ன சொல்ல. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்குத்தான் ஆகப்போகிறது என்றேன்.

எனக்கும் உள்ளுக்குள் தடுமாற்றம் வந்துவிட்டது, மறைக்க வேண்டியதில்லை. இவர் அணைக்காவிட்டால் வேலை போகும், அதைவிட, கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்று ஊர் காறித் துப்பும். அணைத்து, அது பொய்யாக இருந்துவிட்டால்? எனக்கும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு நேரம் அணைக்கச் சொல்லிச் சண்டை போட்டேன். ஒரு நேரம் வேண்டாம், ஊருக்கே திரும்பிப் போய்விடலாம் என்று அழுதேன். இரட்டை மனசு ஒட்டுவாரொட்டி போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை கருப்பு முன்னால் கிரஷரே கூடிவிட்டது. முதலாளி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். சோணையம்மாள் எதிரில் நின்றாள், கண் கோவைப்பழமாக இருந்தது. பேயாண்டி அண்ணன் வெற்றிலை மேல் சூடத்தை வைத்துக் கொளுத்தினார். சொல்லிட்டு அணைப்பா என்றார். இவர் ஈர வேட்டியோடு நின்றுகொண்டே இருந்தார். சூடம் பாதி எரிந்துவிட்டது. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது.

"கருப்பா, போல்ட்டச் சரியா இறுக்குனேனா இல்லையான்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சுக்கிட்டே தெரியலன்னு சொல்லல. இது சத்தியம்" என்று சொல்லிவிட்டுப் படீரென்று சூடத்தை அடித்து அணைத்தார்.

பேயாண்டி அண்ணன் விபூதித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தார். அணைத்தவன் கை சுத்தம் என்றால் விபூதி கொடுப்பார், அணைக்க மறுத்தால் கொடுக்க மாட்டார். இதற்கு என்ன செய்வது என்று அவர் பார்த்த பூசையில் எழுதியிருக்கவில்லை. முதலாளியைப் பார்த்தார், முதலாளி கருப்பைப் பார்த்தார். கடைசியில் பேயாண்டி அண்ணன், சத்தியம் சத்தியந்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இவர் நெற்றியில் பூசிவிட்டார்.

முதலாளி இவர் தோளில் கை போட்டுத் தனியாக அழைத்துப் போனார். கெட்ட மனுசர் இல்லை அவர். "நீ பொய் சொல்லலைன்னு எனக்குத் தெரியும் காளை. ஆனா தெரியலன்னு சொல்ற ஆள நா எப்பிடிப் பெல்ட்டுகிட்ட விடுறது" என்றார். இவர் அது நியாயந்தான் என்று தலையாட்டினார். ஸ்பேனர் பையை அங்கேயே கொடுத்துவிட்டார். திங்கள்கிழமையிலிருந்து பழையபடி கல் தூக்க வரச் சொன்னார்கள். அதற்கும் தலையாட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை வருஷம் ஏறின ஏணியை ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டாரே என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

கூட்டம் கலைந்த பிறகும் சோணையம்மாள் போகவில்லை. இவர் முன்னால் வந்து நின்றாள். அடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"நீங்கதேன்னு தெரிஞ்சா வாய்க்கு வந்தபடி வைஞ்சு மனசு ஆறியிருப்பேன். இல்லன்னு தெரிஞ்சா சாமிய வைஞ்சிருப்பேன். இப்பிடி யார வையிறதுன்னே தெரியாமப் பண்ணிட்டீகளேண்ணே" என்று சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இவர் அவளுக்குப் பக்கத்தில் கொஞ்சம் தள்ளிக் குத்தவைத்துக்கொண்டார். குழந்தை இவர் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தது. கொஞ்ச நேரம் கழித்துச் சோணையம்மாளே மூக்கைச் சிந்திவிட்டு எழுந்து, மருது இவரைக் கூட்டி வரச் சொன்னான் என்றாள். சத்தியம் முடிந்ததும் எப்படியாவது காளை அண்ணனைக் கூட்டி வா என்று படுக்கையிலிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறான். எதற்கு என்று கேட்டால் சொல்லவில்லையாம். ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அவன் அவளிடமே சரியாகப் பேசுவதில்லையாம், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறானாம்.

எனக்குப் பயமாக இருந்தது. கால் போனவன் முகத்தில் இவர் எப்படி முழிப்பார், அவன் என்ன கேட்பான். போக வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இவர் பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்க்கப் போய்விட்டார். ஆரப்பாளையத்தில் இறங்கி வேறு பஸ் மாறி ஆஸ்பத்திரிக்குப் போனோம். குழந்தை வழி முழுக்க ஜன்னலில் தெரிந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தது. இவர் அதற்கும் இரண்டிரண்டு பதில் சொல்லிக்கொண்டு வந்தார்.

வார்டில் மருது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. இவர் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவன் இவர் குரல் கேட்டுத் திரும்பினான். முகம் வெளுத்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. காலைப் பற்றி அவன் பேசவில்லை, வலியைப் பற்றிப் பேசவில்லை. சூடம் அணைச்சிட்டியாண்ணே என்று கேட்டான். அணைச்சேன் என்றார் இவர்.

மருது கண்ணை மூடிக்கொண்டான். மூடின கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக் காதுப்பக்கம் ஓடியது. போல்ட்டுச் சரியாகத்தான் இருந்திருக்கிறது, எனக்கு அப்போதே தெரியும் என்று முனகினான். இவர் அவசரமாக இல்லை இல்லை என்றார். தெரியவில்லை என்றுதான் அணைத்தேன் என்றார். மருது கண்ணைத் திறந்து இவரையே பார்த்தான். புரியவில்லை அவனுக்கு. இவர் இன்னொரு தடவை சொன்னார்.

அவன் பேசத் தொடங்கினான், தட்டுத் தடுமாறி. "அன்னைக்குக் காலைல சொதசொதன்னு ஈரம்ணே. ரோட்டுப் பக்கம் சுரண்டுனது தெரியுது. கரட்டுப் பக்கம் சுரண்டுனேனா, அதுக்குள்ள மோட்டாரு போட்டாகளா, எம்புட்டு யோசிச்சாலும் பிடிபடல. நீ சரின்னு அணைச்சுட்டா அப்ப நாந்தேன் காரணம்னு முடிவு பண்ணிட்டேன். எங் கால நானே வெட்டிக்கிட்டேன்னு."

சோணையம்மாள் தூக்குவாளி மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். இத்தனை நாளும் அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு எதைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. எனக்கும்தான். அந்த வாரம் இவரைப் போய் அணையுங்கள் என்று நான் அத்தனை சண்டை போட்டேனே, இவர் என் பேச்சைக் கேட்டு, சரியாக இறுக்கினேன் என்று அணைத்திருந்தால் அந்தச் சூடம் யார் தலையில் விழுந்திருக்கும் என்று நினைத்ததும் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

இவர் கட்டிலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். அவருக்கும் அழுகை. ஆனால் குரலில் தடுமாற்றம் இல்லை. இத்தனை வருஷத்தில் அவர் ஒரே பதிலாக ஒன்றைச் சொல்லி நான் கேட்டது அப்போதுதான்.

"எனக்கே தெரியலயே மருது. ஒனக்கு மட்டும் எப்பிடிடா தெரியும்."